வெயிலும் தீயும் பழகிய மண்ணில் பத்திரமான வீடு: முழுமையான வழிகாட்டி

மல்லாங்கிணறு, காரியாபட்டி, விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் தீயைப் பற்றிப் பேச்செடுத்தால், “காங்கிரீட் வீடுதானே, அதுல தீ என்ன செய்யும்?” என்றுதான் கேட்கிறார்கள். காங்கிரீட் எரியாது, உண்மைதான். ஆனால் அதற்குள் இருக்கும் நுரை மெத்தை, பிளைவுட் அலமாரி, பிளாஸ்டிக் நாற்காலி, பாலியஸ்டர் திரைச்சீலை எல்லாமே எரியும். மூடிய அறையில் இவை பற்றினால் சில நிமிடங்களில் அறை முழுவதும் ஒரே சமயத்தில் தீப்பிடிக்கும் நிலை வந்துவிடும். அதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். வீட்டுத் தீயில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது புகைதான்.

அப்படியானால் தீ தாங்கும் பொருளால் என்ன பயன்? அது நமக்கு நேரம் வாங்கித் தருகிறது. தூங்குகிறவர் விழித்துக்கொள்ள, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட, பக்கத்து ஊரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர வேண்டிய நேரம் அது. இந்த வழிகாட்டியில் சொல்லும் ஒவ்வொரு செலவையும் அந்தக் கணக்கில் பாருங்கள்: இது எனக்கு எத்தனை நிமிடம் தரும்? பெரிய செலவு செய்தும் ஒரு நிமிடம்கூடத் தராத பொருட்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. முந்நூறு ரூபாய்க்குள் பத்து நிமிடம் தருபவையும் இருக்கின்றன.

முதல் படி: வாங்குவதற்கு முன் மூன்று வகையைப் பிரித்தறியுங்கள்

கடையில் போய் “சூடு தாங்குற மாதிரி ஒண்ணு குடுங்க” என்று கேட்டால் மூன்று வேறு வேறு பொருட்களில் ஏதோ ஒன்று கைக்கு வரும்.

ஒன்று, வெயில் தடுப்பது. மொட்டைமாடியில் அடிக்கும் வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு, தட்டோடு போன்றவை. வெயிலைத் திருப்பி அனுப்பும் அல்லது உள்ளே இறங்காமல் பிடித்து வைக்கும். தீயோடு இவற்றுக்குச் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது, சூடு தாங்குவது. வண்டி சைலன்சருக்கு அடிக்கும் வெள்ளி நிறப் பெயின்ட் இந்த வகை. பெயின்ட் தான் உரிந்து போகாமல் இருக்குமே தவிர, அடியில் இருப்பதைக் காப்பாற்றாது. இதை மரக்கதவில் அடித்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறவர்கள் உண்டு.

மூன்றாவதுதான் தீ தடுப்பது. தானும் எரியாமல் பின்னால் இருப்பதையும் காப்பது. செங்கல், காங்கிரீட், களிமண் பூச்சு, ஜிப்சம் பலகை, கால்சியம் சிலிக்கேட் பலகை, பாறைக் கம்பளி எனப்படும் ராக்வுல் ஆகியவை இந்த வகை. தீயில் பட்டதும் பொங்கி நுரைபோல் விரிந்து மரத்தையோ இரும்பையோ மூடிக்கொள்ளும் தனிப் பெயின்டும் இருக்கிறது. வாங்கும்போது எத்தனை நிமிடத் தீக்குச் சோதித்தது என்ற சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் காட்டாத கடையில் வாங்க வேண்டாம்.

உள் அலங்காரத்துக்கு வாங்கும் பலகை, நுரை, துணி எதுவானாலும் ஓர் எளிய சோதனை உண்டு. கையகலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எதுவும் பற்றாத வெட்டவெளியில், இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, காற்று வரும் திசையில் நின்றுகொண்டு ஒரு தீக்குச்சியைக் காட்டுங்கள். குச்சியை எடுத்த பிறகும் தானாக எரிந்தாலோ, எரிந்துகொண்டே சொட்டினாலோ அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தெர்மாகோல் இந்தச் சோதனையில் கண்முன்னே சுருங்கி ஒழுகும்.

இரண்டாம் படி: கூரை

தமிழ்நாட்டில் தீயைப் பற்றிப் பேசும் எவரும் 2004ஆம் ஆண்டைத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம் ஒன்றின் கீற்றுப் பந்தல் பற்றியதில் மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சத்துணவுக் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். இரண்டு இடத்திலும் கட்டடச் சுவர் கல்லும் சிமென்ட்டும்தான். தலைக்கு மேல் இருந்த கீற்றுதான் எமனானது. எரியும் கீற்று கீழே விழுந்தபோது, ஓடுவதற்கு இருந்த வழியும் குறுகலாக இருந்தது.

பள்ளிகளில் கீற்றுக் கூரை அதன் பிறகு அகற்றப்பட்டது. வீடுகளிலோ அது மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. வெயிலுக்காக மாடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு, அதன் கீழ் பழைய மெத்தை, அட்டைப் பெட்டி, விறகு எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிறோம். தீபாவளி இரவில் எங்கிருந்தோ வரும் ஒரு ராக்கெட் போதும். கீற்றுக்குப் பதில் பச்சை வலை கட்டுவதும் தீர்வல்ல. அது பிளாஸ்டிக், உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். உங்கள் மாடியில் கீற்றுக் கொட்டகை இருந்தால் இந்த வழிகாட்டியில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதைப் பிரிப்பதுதான். மற்றதெல்லாம் பிறகு.

மாடி வெயிலுக்கு நம் ஊரிலேயே பழைய வைத்தியம் இருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலக் கனத்துக்குப் போட்டு, கட்டையால் அடித்துக் கெட்டித்து, மேலே தட்டோடு பதிப்பது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துக் கட்டிய காலம் போய்விட்டாலும், முறை இன்றும் கொத்தனார்களுக்குத் தெரியும். அதன்மேல் வருடத்துக்கு ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சித்திரை வெயிலிலும் கீழே படுக்க முடிகிறது. முழுக்க மண்ணும் கல்லும் என்பதால் தீக்கும் பயமில்லை. இதற்கு மாற்றாகத் தெர்மாகோல் அட்டையைக் கூரைக்கு அடியில் ஒட்டச் சொல்கிறார்கள். வெயிலைத் தடுக்கும் என்பது சரி. தீயில் அது உருகிய மழையாகத் தலையில் இறங்கும். வேண்டவே வேண்டாம். அடியில்தான் தடுப்பு தேவை என்றால் ராக்வுல் வைத்து ஜிப்சம் பலகையால் மூடுங்கள்.

இன்னும் ஓலை வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் “காங்கிரீட் போடுங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. ஊரகப் பகுதிகளில் குடிசைக்குப் பதில் 360 சதுர அடி வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் தங்கள் அலுவலகத்தில் வீட்டுவசதித் திட்டங்களைக் கேட்டுப் பதிந்து வையுங்கள். அதுவரை செய்யக்கூடியது, ஓலைக்கு அடியிலும் மேலும் களிமண் பூசுவது. களிமண்ணோடு நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்துப் புளிக்க வைத்து, விரல் கனத்துக்குப் பூசி, காய்ந்து வெடித்த இடத்தில் மறுபடி பூச வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஓலைக் கூரைக்கான மண் பூச்சு முறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. பூசிய ஓலையில் பொறி விழுந்தால் உடனே பற்றிக்கொள்ளாது. முக்கியமாக அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பகுதியையாவது பூசுங்கள். காசு செலவில்லை, உழைப்புதான்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “தீப்பிடிக்காத ஷீட்டு” என்று பெயர் வாங்கியது அது. எரியாது, ஆனால் தீயின் சூட்டில் படபடவென்று வெடித்துச் சிதறும். உடையும்போதும் அறுக்கும்போதும் வரும் நுண்ணிய இழை நுரையீரலுக்குள் போய்த் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்திருக்கின்றன. இருக்கிற கூரையைச் சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள். மாற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்குங்கள். உடைந்த துண்டை விறகடுப்பைச் சுற்றி மறைப்பாக நிறுத்தும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது, இன்றே நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் நாலு செங்கல் போதும்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வரி: ஓடு எரியாது, கீழே இருக்கும் பனங்கட்டையும் சட்டமும் எரியும். ஒட்டடையை மாதம் ஒருமுறை அடியுங்கள், அடுப்புப் புகைபோக்கியைச் சட்டத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள்.

மூன்றாம் படி: சுவரும் விரிசலும்

சுவரைப் பொறுத்தவரை நாம் அதிர்ஷ்டக்காரர்கள். செங்கல் என்பது சூளையில் ஏற்கெனவே தீயைப் பார்த்து வந்த பொருள். ஒன்பது அங்குலச் சுவர் பல மணி நேரத் தீயைத் தாங்கும். நாலரை அங்குலச் சுவரும் இருபுறம் பூசியிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும்.

நம் சிக்கல் கரிசல். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மண்ணின்மேல் கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல் இல்லாத சுவர் குறைவு. அந்த விரிசல் வழியாகப் புகை அடுத்த அறைக்குப் போகும். சுவருக்குள் பதித்த வயர்க் குழாயும் அதே இடத்தில் இழுபட்டு முறியும். விரிசலைப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்குக் கொத்திவிட்டு, கோழிவலை வைத்து, சிமென்ட் கலவையால் அடையுங்கள். டப்பாவில் விற்கும் மஞ்சள் நுரையை அடித்து மேலே பட்டி பார்ப்பது வேகமான வேலை. அந்த நுரை எரியும், எரிந்தால் நச்சுப் புகை கக்கும்.

புதிதாகக் கூரை போடுகிறவர்கள் கம்பி கட்டும் நாளில் கட்டாயம் நேரில் நில்லுங்கள். இரும்பு 550 டிகிரி செல்சியஸ் சூட்டில் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அந்தச் சூடு கம்பியை அடையாமல் காப்பது அதற்குக் கீழே இருக்கும் காங்கிரீட் தோல்தான். கூரைத் தளத்தில் அது குறைந்தது 20 மில்லிமீட்டர் வேண்டும். அவசரத்தில் கம்பிக்கு அடியில் ஜல்லிச் சில்லை வைத்து முட்டுக்கொடுப்பார்கள். காங்கிரீட் ஊற்றும்போது அது நழுவி, கம்பி பலகையிலேயே படுத்துவிடும். ஒரே அளவில் வார்த்த கவர் பிளாக் கேட்டு வாங்கி வையுங்கள். “அண்ணே, எல்லா இடத்துலயும் பிளாக்கு வச்சாச்சா?” என்று கம்பி கட்டுகிறவரிடம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நான்காம் படி: சமையலறை

அடுப்பு மேடைக்குக் கடப்பாக்கல்லோ கிரானைட்டோ போடுகிறோம். நல்லது. அடுத்த வேலையாக அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் அலமாரி மாட்டுகிறோம். இங்கேதான் தவறு. பிவிசி பலகை 80 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். பற்றினால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அமிலப் புகை. அடுப்புக்கு இருபக்கமும் இரண்டடி தூரத்துக்கும், நேர் மேலே இரண்டரை அடி உயரத்துக்கும் ஓடு, கல், எவர்சில்வர் தவிர எதுவும் இருக்கக் கூடாது. கடப்பாப் பலகையைச் சுவரில் செருகித் தட்டு அமைத்த பழைய அலமாரியை அழகில்லை என்று இடித்துவிடாதீர்கள். தீ விஷயத்தில் அதைவிட நல்ல அலமாரி இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

சிலிண்டருக்கு வாருங்கள். மேடைக்கு அடியில் குனிந்து கேஸ் டியூபைப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ, கைபட்டால் பிசுபிசுப்பாகவோ, மடித்த இடத்தில் மயிரிழைக் கீறலோடோ இருந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். கேஸ் ஏஜென்சியில் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே எஃகுக் கம்பி பின்னிய சுரக்ஷா டியூப் தருவார்கள். அதில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 9573 என்ற எண்ணும் அச்சிட்டிருக்கும். அதையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எலி கடிக்கும் வீடுகளில் இதன் அருமை தெரியும். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். மாட்டிய பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வேலை கூடவே கூடாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். ஆகவே சிலிண்டரைக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைக்காதீர்கள். அடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தரை மட்டத்தில் காற்றுத் துளை இருக்கட்டும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வெளியே வந்த பிறகுதான் செல்போன்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய்க்கு அடியில் போகும் தண்ணீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். எரியும் எண்ணெயை அது கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைச் சட்டிமேல் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடி, சூடு ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். அந்த மூடி அடுப்படியில் கைக்கெட்டும் ஆணியில் தொங்க வேண்டும். முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பாதுகாப்பு என்று சொன்னேனே, இது அதில் ஒன்று.

சமைக்கும்போது பருத்திச் சேலை, பருத்தி நைட்டி. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும், பிரித்தெடுக்கும்போது தோலும் வரும்.

ஐந்தாம் படி: மின்சாரம்

சுவருக்குள் இருப்பதால் நாம் மறந்துவிடும் பகுதி இது. சாதாரண வயரின் மேலுறை பிவிசி. நீடித்து 70 டிகிரி வரைதான் அது தாங்கும். அதற்கு மேல் சூடானால் உறை கருகி, கம்பியோடு கம்பி தொட்டுத் தீப்பொறி வரும். புதிய வீட்டுக்கு எஃப்ஆர்எல்எஸ் வகை வயர் கேளுங்கள், தீயை ஏந்திச் செல்லாது, புகையும் குறைவு. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஹாலோஜன் இல்லாத எச்எஃப்எஃப்ஆர் வயர். படுக்கையறைப் பக்கமாவது இதைப் போடலாம்.

எவ்வளவு நல்ல வயரும் அளவு தப்பினால் பயனில்லை. விளக்கு, மின்விசிறிக்கு ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), கிரைண்டர், பிரிட்ஜ் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கும் கீசருக்கும் நான்கு. ஒன்றரை ஸ்கொயரில் ஏசியை மாட்டிவிட்டு, எம்சிபி (மிகுசுமையில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்சிபி மாற்றுகிறவர்களை என்னவென்று சொல்வது? காப்பாற்ற வந்த காவல்காரரின் கையைக் கட்டிப் போடும் வேலை அது. பழைய வீடுகளில் மரப் பெட்டிக்குள் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்தால் முழுவதும் மாற்றிவிடுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் சேர்த்து மாட்டுங்கள்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி எரிந்து தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். மின்சார வண்டி, இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டையும் வாசல் வழியில் வைக்காதீர்கள். தீ அங்கே பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். வெளிப்புறச் சுவரோரம், மேலே எரியாத கூரை, தூங்கும் அறையிலிருந்து தள்ளி. இரவெல்லாம் சார்ஜில் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: கதவும் ஜன்னலும்

ஒரு வீட்டில் மிக மலிவான தீத்தடுப்பு, மூடிய கதவு. கனமான மரக்கதவு மேற்பரப்பிலிருந்து மெதுவாகக் கரியாகிக்கொண்டே போகும். அந்தக் கரியே உள் மரத்துக்கு மறைப்பு. உள்ளே அட்டைத் தேன்கூடு வைத்த லேசான கதவும், பிளாஸ்டிக் கதவும் அப்படி நிற்காது. சமையலறைக்குக் கதவே வைக்காத புது வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கதவு போட்டு, இரவில் மூடிப் படுங்கள்.

ஜன்னலில் வேறு பிரச்சினை. திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலிலும் இரும்புக் கம்பி வைக்கிறோம். தீ வாசல் பக்கம் பிடித்தால் அந்த அறை கூண்டு. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலின் கிரில்லுக்குக் கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கும்படி வெல்டரிடம் சொல்லிச் செய்யுங்கள். சாவி அதே ஜன்னலோரம், பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் தொங்கட்டும்.

ஏழாம் படி: சாமி அலமாரி

பிளைவுட் பெட்டிக்குள் சாமி படம், அதைச் சுற்றி சீரியல் விளக்கு, நடுவில் எரியும் எண்ணெய் விளக்கு. கார்த்திகைக்கு இன்னும் பத்து விளக்கு. இது பற்றாமல் இருக்க வேண்டுமானால், விளக்குக்கு அடியில் மணல் பரப்பிய பித்தளைத் தாம்பாளம், தலைக்கு மேல் குறைந்தது இரண்டடி வெற்றிடம், முடிந்தால் சுவரில் பதித்த கல் மாடம். முன்னோர் மாடப்பிறையில் விளக்கு வைத்ததில் இந்தப் புத்தி இருந்தது.

எட்டாம் படி: எந்தப் பொருளும் தாங்காத ஒன்று

நம் வட்டாரத்தில் எழுதும் வழிகாட்டியில் இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். தீயைத் தாங்கும் பொருளுக்கு வெடியைத் தாங்கத் தெரியாது. தீ மெல்ல மெல்லச் சூடேற்றும், அதற்குத்தான் செங்கலும் ஜிப்சமும் நேரம் வாங்கித் தருகின்றன. பட்டாசு மருந்து ஒரு நொடியில் வெடித்துச் சுவரைத் தள்ளும். அங்கே வாங்குவதற்கு நேரமே இல்லை. ஒன்பது அங்குலச் சுவரும் காங்கிரீட் தளமும் அப்போது காப்பதற்குப் பதில் மேலே விழுகின்றன.

ஆகவே வீட்டில் பட்டாசுக்கான கருந்திரி சுற்றுவதும், மருந்து அடைப்பதும், மீந்த மணி மருந்தை டப்பாவில் வைப்பதும் எந்தக் கூலிக்காகவும் வேண்டாம். இந்தத் தொழிலில் வாழும் குடும்பங்களின் கஷ்டம் தெரியாமல் இதைச் சொல்லவில்லை. 1920களில் தீப்பெட்டியோடு தொடங்கி, இந்த வானம் பார்த்த பூமிக்குச் சோறு போட்ட தொழில் அது. அதனால்தான் அதை உரிமம் பெற்ற ஆலையில், அதற்கென்று தள்ளித் தள்ளிக் கட்டிய அறையில் செய்ய வேண்டும். ஓர் அறை போனாலும் அடுத்தது தப்ப வேண்டும் என்றுதான் அங்கே அறைகளைப் பிரித்துக் கட்டுகிறார்கள், ஓர் அறைக்கு இத்தனை ஆள் என்று வரம்பு வைக்கிறார்கள். வீட்டில் தள்ளிப்போக இடம் ஏது? அடுத்த அறையில் பிள்ளை தூங்குகிறது.

பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களின் உடையிலும் தலைமுடியிலும் அலுமினியத் தூள் ஒட்டியிருக்கும். வாசலுக்கு வெளியே ஒரு தொட்டியும் கொடியும் வைத்து, அங்கேயே உடை மாற்றிக் குளித்துவிட்டு உள்ளே வரும் வழக்கத்தை உண்டாக்குங்கள். அந்த உடையை அடுப்பங்கரையில் காயப்போடாதீர்கள். அலுமினியத் தூள் குவியலாக எரிந்தால் தண்ணீர் விடக் கூடாது, தீ கூடும். காய்ந்த மணல்தான். குவியல் எரியும் இடத்தில் நிற்காமல் விலகுவது அதைவிட நல்லது.

ஏதாவது ஆலையில் புகை தெரிந்தால் அங்கே ஓடாதீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். காப்பாற்றவும் பார்க்கவும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஓடிப் போனவர்கள்.

ஒன்பதாம் படி: தீபாவளிக்கு வாங்கி வைக்கும் பட்டாசு

நம் ஊரில் ஆலையிலிருந்தே பெட்டி பெட்டியாக வாங்கி, சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்வரை வீட்டில் வைப்போம். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு என்ன சொல்கின்றன என்று பாருங்கள்: கொட்டகை எரியாத பொருளால் ஆனதாக, பூட்டியதாக இருக்க வேண்டும். கடைக்குக் கடை மூன்று மீட்டர் இடைவெளி. ஒன்றுக்கொன்று எதிரெதிரே திறக்கக் கூடாது. எண்ணெய் விளக்கும் திறந்த தீயும் கூடாது. மின்விளக்கு வயரில் தொங்கக் கூடாது, சுவரிலோ கூரையிலோ பதித்திருக்க வேண்டும்.

இதே ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பட்டாசுப் பெட்டி சமையலறைப் பரணில் வேண்டாம், மாடிப்படிக்கு அடியில் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம். வீட்டோடு ஒட்டாத கல்கட்டட அறையில், தரையிலிருந்து உயர்த்தி, பூட்டி, வைக்கோல் படப்பிலிருந்தும் வண்டி நிற்கும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். அப்படி அறை இல்லாத வீட்டில் அன்றைக்கு வெடிக்கத் தேவையானதை மட்டும் வாங்குவதுதான் முறை. வெடிக்கும் நேரத்தில் மாடியில் துணி காய வேண்டாம், ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். வெடிக்காமல் போனதைக் கையில் எடுக்காமல் வாளித் தண்ணீரில் போடுங்கள். மருந்தைக் கொட்டிச் சேர்த்துக் கொளுத்தும் பிள்ளைகளை அதட்டித்தான் நிறுத்த வேண்டும், கொஞ்சிச் சொல்லிப் பயனில்லை.

எதை முதலில் செய்வது?

இத்தனையும் ஒரே மாதத்தில் முடியாது. நான் வைக்கும் வரிசை இது. செலவே இல்லாதவை அல்லது மிகக் குறைவானவை முதலில்: மாடிக் கீற்றைப் பிரிப்பது, பட்டாசையும் மருந்தையும் வீட்டைவிட்டு அகற்றுவது, இரவில் கதவு மூடுவது, அடுப்படியில் மூடி தொங்கவிடுவது. அடுத்து சில நூறு ரூபாய்: கேஸ் டியூப், ஜன்னல் கிரில்லுக்குக் கீல், இரண்டு வாளி மணல். அடுத்து சில ஆயிரம்: எம்சிபி, ஆர்சிசிபி, கூரையில் ஒட்டும் பேட்டரிப் புகை எச்சரிக்கைக் கருவி, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஏபிசி தூள் தீயணைப்பான் ஒன்று. தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல் சமையலறை வாசலுக்கு வெளியே மாட்டுங்கள். தீப்பிடித்த அடுப்பைத் தாண்டிப் போய் அதை எடுக்க முடியாது. கையில் பெரிய தொகை வரும்போது வயரிங், கதவு, கூரை.

பொய்க்கூரை, சுவர் அலங்காரப் பலகை, வாசல் முகப்பில் மின்னும் அலுமினியத் தகடு ஆகியவற்றுக்கு என் வரிசையில் இடமே இல்லை. அந்தத் தகடுகளில் பலவற்றின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறக்கக் காரணமான தீ அப்படிப்பட்ட உறையின் வழியாகத்தான் மாடி மாடியாக ஏறியது.

தீ பிடித்துவிட்டால் 101 அல்லது 112. காயம் பட்டவருக்கு 108. தீக்காயத்தில் இங்க்கும் பற்பசையும் தடவாமல் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். சுவரில் பெரிய எழுத்தில் இந்த எண்களை எழுதி வையுங்கள், பாட்டி கண்ணுக்கும் தெரிகிற மாதிரி.

படித்து முடித்ததும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுப்பு மேடைக்கு அடியில் குனிந்து, கேஸ் டியூபில் எந்த ஆண்டு அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் நாளைக் காலையிலேயே ஏஜென்சிக்குப் போன் போடுங்கள்.